குவான்ஷெங் யூவி-கே5 ப்ரிக் ஆனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாற்று ஃபர்ம்வேர் (செட்டை இயக்கும் உள்மென்பொருள்) ஏற்றும்போது முடங்கிப்போன, அதாவது ப்ரிக் ஆன, யூவி-கே5 கைப்பிடி ரேடியோவை மீட்பதற்கான பக்கம் இது. யூவி-கே5(8), யூவி-கே6, யூவி-5ஆர் பிளஸ் ஆகியவற்றுக்குள்ளும் அதே சர்க்யூட்தான் என்பதால், கீழே சொல்வது அவற்றுக்கும் பொருந்தும். யூவி-கே1, யூவி-கே5 வி3 இரண்டும் வேறு வகை. அவற்றுக்குத் தனிக் கேள்வி பின்னால் வருகிறது.

ஃபர்ம்வேர் ஏற்றிய பிறகு செட் ஆன் ஆகவே இல்லை. திரையும் இல்லை, சத்தமும் இல்லை. போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள். வால்யூம் குமிழைத் திருகி செட்டை அணைத்துவிடுங்கள். பி.டி.டி. பொத்தானை (பேசும்போது அழுத்தும் பக்கவாட்டுப் பொத்தான்) அழுத்திப் பிடித்தபடியே மறுபடி ஆன் செய்யுங்கள். திரை காலியாகவே இருக்க, மேலே உள்ள வெள்ளை டார்ச் விளக்கு மட்டும் எரிந்தால் செட்டுக்கு உயிர் இருக்கிறது. இதைத்தான் ஃப்ளாஷ் மோட் என்கிறோம். இந்த நிலைக்கு வரும் செட்டை ஒரு கேபிளை வைத்தே மீட்டுவிடலாம், திறக்க வேண்டியதில்லை.

விளக்கு எரியாவிட்டால் பேட்டரியைக் கழற்றி அதன் தொடுமுனைகளைத் துடைத்து, முழுதாக சார்ஜ் செய்து, இன்னொரு தடவை பாருங்கள். பி.டி.டி. பொத்தானை ஓரத்தில் அழுத்தாமல் நடுவில் அழுத்தமாகப் பிடிக்க வேண்டும். அப்போதும் எரியவில்லை என்றால், டார்ச் விளக்கு எரியாத செட்டுக்கான கேள்விக்குப் போங்கள்.

தவறான ஃபைலை ஏற்றியும் ஃப்ளாஷ் மோட் எப்படிப் பிழைத்திருக்கிறது?

உள்ளே இருக்கும் டிபி32ஜி030 என்ற நுண்செயலியில் 64 கேபி ஃப்ளாஷ் நினைவகம் இருக்கிறது. அதில் 60 கேபி ஃபர்ம்வேருக்கு. மேல்கோடியில் உள்ள 4 கேபியில் பூட்லோடர் குடியிருக்கிறது. கேபிள் வழியாக நாம் எழுதுவது அந்த 60 கேபிக்குள் மட்டுமே. மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது பூட்லோடர்தான். பி.டி.டி. அழுத்தியிருந்தால் அது கேபிளுக்காகக் காத்திருக்கும், இல்லையென்றால் ஃபர்ம்வேருக்குக் கட்டுப்பாட்டைக் கொடுத்துவிடும். ஃபர்ம்வேர் பாதியாக இருந்தாலும் குப்பையாக இருந்தாலும் இந்த முதல் படி மாறுவதில்லை.

மூன்றாவது ஓர் இடமும் உண்டு. நுண்செயலிக்கு வெளியே தனியாக 8 கேபி ஈஈப்ரம் சில்லு ஒன்று இருக்கிறது. சேனல்கள், அமைப்புகள் எல்லாம் அதில்தான். அதன் கடைசி 512 பைட்டுகள், அதாவது 7680 முதல் 8191 வரை, தொழிற்சாலையில் உங்கள் செட்டை அளந்து எழுதிய கேலிப்ரேஷன். ஃபர்ம்வேரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி ஏற்றலாம். அந்த 512 பைட்டுகளுக்கு உலகில் வேறு நகல் கிடையாது. இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மீட்பதற்கு என்னென்ன வேண்டும்?

கென்வுட் வகை இரட்டை முனை புரோகிராமிங் கேபிள் ஒன்று (3.5 மிமீ, 2.5 மிமீ முனைகள் சேர்ந்தது). பாதிக்கு மேல் சார்ஜ் உள்ள பேட்டரி. ஒரு கணினி. தயாரிப்பாளரின் மூல ஃபர்ம்வேர் ஃபைல். மாற்று ஃபர்ம்வேரால் முடங்கிய செட்டை இன்னொரு மாற்று ஃபர்ம்வேரால் எழுப்பப் பார்க்காமல் முதலில் மூல ஃபர்ம்வேருக்கே திரும்புவது நல்லது. அது ஓடினால் செட்டின் உடம்பில் கோளாறு இல்லை என்பது உறுதியாகிவிடும்.

யூவி-கே5-இன் பக்கவாட்டில் உள்ள யூஎஸ்பி-சி துளை சார்ஜ் செய்ய மட்டுமே. அதில் தரவுக் கம்பியே இல்லை. அதில் கேபிளைச் செருகிவிட்டு கணினியில் போர்ட்டைத் தேடுகிறவர்கள் ஏராளம்.

படிப்படியாக எப்படி ஏற்றுவது?

1. கேபிளின் யூஎஸ்பி முனையைக் கணினியில் செருகி, புதிதாகத் தோன்றும் சீரியல் போர்ட்டின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. செட்டை அணைத்து, பி.டி.டி.யைப் பிடித்தபடி ஆன் செய்யுங்கள். டார்ச் விளக்கு எரிய வேண்டும்.
3. இப்போது இரட்டை முனையைச் செட்டில் செருகுங்கள். கடைசி ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் பலம் தேவைப்படும்.
4. ஃப்ளாஷ் கருவியைத் திறந்து ஃபைலையும் போர்ட்டையும் தேர்ந்தெடுத்து எழுதச் சொல்லுங்கள். பிரவுசரில் ஓடும் யூவிடூல்ஸ், கட்டளை வரியில் ஓடும் கே5ப்ராக் இரண்டுமே இதற்கு ஆகும்.
5. எழுதும்போது டார்ச் விளக்கு மினுக்கும். முடியும்வரை கேபிளையும் குமிழையும் தொடாதீர்கள்.
6. முடிந்ததும் செட்டை அணைத்து, கேபிளை உருவிவிட்டு, சாதாரணமாக ஆன் செய்யுங்கள்.

தொடர்பு வேகம் நொடிக்கு 38,400 பிட். 60 கேபி ஃபைல் 256 பைட் கொண்ட 240 துண்டுகளாகப் போகிறது. கணக்குப்படி தரவு மட்டும் போய்ச் சேர 16 நொடி ஆகும், பதில்களுக்குக் காத்திருக்கும் நேரம் அதற்கு மேல். ஓரிரு நொடியில் "முடிந்தது" என்று கருவி சொன்னால் நம்பாதீர்கள், ஒன்றும் எழுதப்பட்டிருக்காது.

செட் எழுந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை சேனல் போடுவதல்ல. அதே கேபிளில், சாதாரண நிலையில், ஈஈப்ரம் முழுவதையும் படித்து ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ் மோடில் ஈஈப்ரமைப் படிக்க முடியாது, ஏதாவது ஒரு ஃபர்ம்வேர் ஓடினால்தான் முடியும். ஃபர்ம்வேர் கெட்டதால் மட்டும் ப்ரிக் ஆன செட்டில் கேலிப்ரேஷன் அப்படியே இருக்கும். முன்பே பேக்கப் எடுக்காதவருக்கும் இது இரண்டாவது வாய்ப்பு.

டார்ச் எரிகிறது, ஆனால் கணினிக்குச் செட் தெரியவே இல்லை. ஏன்?

இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களில் பலருடைய உண்மையான பிரச்சினை இதுதான். செட் நன்றாகவே இருக்கும், இடையில் ஏதோ ஒன்று தடுத்துக்கொண்டிருக்கும்.

முதல் சந்தேகம் கேபிளின் முனை. பல கேபிள்களில் முனையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தடிமனாக இருக்கும். அது செட்டின் உடலில் முட்டிக்கொள்வதால் உலோக முனை முழுதாக உள்ளே போகாது. வெளியே பார்த்தால் செருகியது போலவே தெரியும். விரலால் அழுத்திப் பிடித்தபடி முயன்று பாருங்கள். அப்போது மட்டும் வேலை செய்தால், முட்டும் பிளாஸ்டிக்கைக் கத்தியால் ஒரு மில்லிமீட்டர் சீவிவிடலாம்.

இரண்டாவது, கேபிளுக்குள் இருக்கும் யூஎஸ்பி சில்லு. பிஎல்2303 சில்லின் பழைய வகைகளையும் போலிகளையும் புதிய விண்டோஸ் டிரைவர் ஏற்பதில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமோ, "2012 முதல் நிறுத்தப்பட்டது" என்று சொல்லும் பெயரோ தெரிந்தால் அதுதான் காரணம். டிவைஸ் மேனேஜரிலேயே பழைய டிரைவர் பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் ஓடும். அதற்கு மெனக்கெடுவதைவிட சிஎச்340 சில்லு உள்ள கேபிளை வாங்கிவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து.

லினக்ஸில் இரண்டு பொறிகள் உண்டு. உங்கள் பயனர் கணக்கு டயல்அவுட் குழுவில் இல்லையென்றால் போர்ட்டைத் திறக்க அனுமதி கிடைக்காது. உபுண்டு 22.04-இல் பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெய்ல் காட்சிச் சேவை, சிஎச்340 கேபிளைத் தன்னுடைய கருவி என்று நினைத்து எடுத்துக்கொள்கிறது. போர்ட் ஒரு கணம் தோன்றி மறையும். பிரெய்ல் கருவி உங்களுக்குத் தேவையில்லை என்றால் அந்தப் பொதியை நீக்கிவிட்டு, கேபிளைக் கழற்றி மாட்டுங்கள்.

பிரவுசர் கருவி என்றால் குரோம், எட்ஜ் போன்ற குரோமியம் வகைப் பிரவுசர் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான் போர்ட்டைப் பிடிக்க முடியும். பின்னணியில் சர்ப் (கணினியிலிருந்து சேனல்களை எழுதும் நிரல்) திறந்திருந்தால் அதை மூடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் இருந்தால் ஒரு சீரியல் டெர்மினலை 38,400 வேகத்தில் திறந்து பாருங்கள். ஃப்ளாஷ் மோடில் உள்ள செட் தன் பூட்லோடர் பதிப்பை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். குப்பை எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்தால் கேபிள் நன்றாக இருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் கோளாறு கேபிளிலோ முனையிலோதான்.

எழுதும்போது பாதியில் நின்றுவிட்டது. இன்னும் கெட்டுப்போகுமா?

கெடாது. அணைத்து, மறுபடி ஃப்ளாஷ் மோடுக்கு வந்து, தொடக்கத்திலிருந்து எழுதுங்கள். அடிக்கடி பாதியில் நின்றால் யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேராகக் கணினியில் செருகுங்கள். எழுதும் நேரத்தில் செட்டை சார்ஜரில் வைக்க வேண்டாம்.

எழுதி முடிந்தது என்றது. ஆனாலும் திரை காலி.

மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும்.

ஃபைலின் வகை தவறாக இருக்கலாம். இந்தச் செட்டுக்கான ஃபர்ம்வேர் இரண்டு வடிவங்களில் உலவுகிறது: பேக் செய்தது, ரா (குழப்பாமல் அப்படியே உள்ளது). பேக் செய்த ஃபைல் ஒரு திறவுகோலால் குழப்பி எழுதப்பட்டது. அதன் நடுவில் 16 பைட் பதிப்பு எண்ணும், கடைசியில் 2 பைட் சரிபார்ப்புத் தொகையும் இருக்கும். ஆகவே அது ரா ஃபைலைவிடச் சரியாக 18 பைட் பெரிது. பிரவுசர் கருவிகள் பேக் செய்ததைக் கேட்கும். கே5ப்ராக்கில் ரா ஃபைலாக எழுதும் தேர்வு இருக்கிறது. அந்தத் தேர்வில் பேக் செய்த ஃபைலைக் கொடுத்தால் குழப்பிய எழுத்துகள் அப்படியே சில்லில் போய் உட்காரும், செட் ஓடாது. சரியான ஃபைலை ஏற்றினால் தீர்ந்தது. ரா ஃபைலின் அளவு 61,440 பைட்டுக்கு மேல் இருந்தால் அது இந்தச் செட்டுக்கானதே அல்ல.

இரண்டாவது, செட் ஓடிக்கொண்டிருக்க, திரை மட்டும் தெரியாமல் இருக்கலாம். எண் பொத்தானை அழுத்தினால் பீப் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். விளக்கு வெளிச்சத்தில் திரையைச் சாய்த்துப் பாருங்கள். எல்லாத் தொகுதிகளிலும் எல்சிடி ஒரே மாதிரி இல்லை. ஒரு ஃபர்ம்வேரின் கான்ட்ராஸ்ட் அளவு சில திரைகளில் மிக வெளிறியோ மிக இருண்டோ வரும். எஃப்4எச்டபிள்யூஎன் ஃபர்ம்வேரில் கான்ட்ராஸ்டை மாற்ற மெனு இருக்கிறது. மற்றவற்றில் இல்லையென்றால் வேறு ஃபர்ம்வேருக்கு மாறுவதுதான் வழி.

மூன்றாவது, ஈஈப்ரமில் முந்தைய ஃபர்ம்வேர் விட்டுச்சென்ற அமைப்புகள். மூல ஃபர்ம்வேரை ஏற்றி, ஈஈப்ரமைப் படித்து வைத்துக்கொண்டு, மெனுவில் ரீசெட் போய் "ஆல்" கொடுங்கள். இந்த ரீசெட் கேலிப்ரேஷன் பகுதியைத் தொடாது.

பதிப்பு பொருந்தவில்லை என்று பூட்லோடர் மறுக்கிறது.

எழுதத் தொடங்கும் முன் கருவி ஒரு பதிப்பு எண்ணை அனுப்பும். அதன் முதல் எழுத்து தனக்குப் பொருந்துகிறதா என்று பூட்லோடர் பார்க்கும். 2 என்று தொடங்கும் பூட்லோடருக்கு 2.01.26 போன்ற மூல ஃபர்ம்வேர் பொருந்தும். 5 என்று தொடங்கும் பூட்லோடர் உள்ள செட் அதை மறுக்கும். எண்ணின் இடத்தில் நட்சத்திரக் குறி உள்ள ஃபைலை பூட்லோடர் ஏற்றுக்கொள்ளும், மாற்று ஃபர்ம்வேர்கள் அந்த வழியில்தான் போகின்றன. மூல ஃபர்ம்வேரைத் தேடும்போது உங்கள் செட்டின் பெட்டியில் உள்ள மாடல் பெயருக்கு உரியதையே எடுங்கள்.

செட் ஓடுகிறது. ஆனால் பேட்டரி அளவு தப்பாகக் காட்டுகிறது, ஸ்கெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்குவது) மூடவே இல்லை, பவரும் குறைந்துவிட்டது. இதுவும் ப்ரிக் தானா?

இது அதைவிட மோசம். கேலிப்ரேஷன் அழிந்துவிட்டது. ஸ்கெல்ச் திறக்கும் மூடும் அளவுகள், சிக்னல் பட்டைகள், ஒவ்வொரு பேண்டுக்கும் டிரான்ஸ்மிட் பவர், பேட்டரி மின்னழுத்தத்தின் அளவீடு, படிகத்தின் அலைவரிசைத் திருத்தம் எல்லாமே அந்த 512 பைட்டுகளில் இருந்தவை.

ஃபர்ம்வேர் ஏற்றும் செயல் இவற்றை அழிப்பதில்லை. சேனல் பட்டியல் வேண்டும் என்று இன்னொருவர் கொடுத்த 8,192 பைட் முழு ஃபைலை எழுதினால் அவருடைய கேலிப்ரேஷனும் சேர்ந்து வந்துவிடும். சர்ப்பில் கேலிப்ரேஷனையும் எழுதும் தேர்வைத் தெரியாமல் டிக் செய்தாலும் அப்படித்தான். பெரிய ஈஈப்ரம் சில்லை மாற்றிப் பொருத்தியவர்கள் பழைய சில்லிலிருந்து நகலெடுக்க மறந்தால் அந்தப் பகுதி காலியாகவே இருக்கும்.

பேக்கப் இருந்தால் அதை எழுதி, அணைத்து ஆன் செய்தால் போதும். அந்த பேக்கப் நம்பகமானதா என்று எடுக்கும்போதே பார்த்திருக்க வேண்டும்: இரண்டு தடவை படித்து இரண்டு ஃபைலும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். அளவு முழு ஃபைலுக்கு 8,192, கேலிப்ரேஷனுக்கு மட்டும் 512. ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் கடைசிப் பகுதி முழுக்க எஃப் எழுத்தாகவோ பூஜ்யமாகவோ இருக்கக்கூடாது. வீட்டில் இரண்டு செட் இருந்தால் ஃபைலின் பெயரில் செட்டின் வரிசை எண்ணைச் சேர்த்துவிடுங்கள். இரண்டு செட்டின் ஃபைல்கள் மாறிப்போவது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

பேக்கப் இல்லை. என்ன செய்யலாம்?

அதே மாடலின் இன்னொரு செட்டிலிருந்து கேலிப்ரேஷன் 512 பைட்டை மட்டும் எடுத்து எழுதுங்கள். செட் பயன்படுத்தும் நிலைக்கு வந்துவிடும், ஆனால் தொழிற்சாலை அளவு திரும்பாது. பிறகு கையால் திருத்த முடிந்ததைத் திருத்துங்கள்.

பேட்டரி: எக்சூமர் ஃபர்ம்வேரில் பி.டி.டி.யையும் அதற்குக் கீழுள்ள இரண்டு பக்கப் பொத்தான்களில் மேலே இருப்பதையும் சேர்த்துப் பிடித்து ஆன் செய்தால் மறைந்த மெனு திறக்கும். அதில் பேட்கால் என்ற வரி இருக்கிறது. மல்டிமீட்டரால் பேட்டரியை அளந்து, திரையில் காட்டும் வோல்ட் அதற்குச் சமமாகும்வரை எண்ணை மாற்றிச் சேமியுங்கள். 7.4 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 8.4 வோல்ட்டுக்கு அருகில் இருக்கும்.

பவர்: செட்டை 50 ஓம் டம்மி லோடிலும் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் சுமை) பவர் மீட்டரிலும் இணைத்து, லோ, மிட், ஹை மூன்றிலும் அளந்து பாருங்கள். லோவும் ஹையும் ஒரே அளவு காட்டினால் அந்தக் கடன் வாங்கிய கேலிப்ரேஷன் உங்கள் செட்டுக்கு ஒத்துவரவில்லை. வேறு செட்டிலிருந்து முயலுங்கள். ஆன்டெனாவோ டம்மி லோடோ இல்லாமல் பி.டி.டி. அழுத்தவே வேண்டாம். உங்கள் உரிமத்துக்குட்பட்ட அலைவரிசையில் மட்டும் சோதியுங்கள். மாற்று ஃபர்ம்வேர் திறந்துவிடுகிறது என்பதற்காக மற்ற அலைவரிசைகள் உங்களுடையவை ஆகிவிடாது. அங்கே காவல்துறையோ விமானமோ பேசிக்கொண்டிருக்கலாம்.

சேனல் பெயர்கள் எல்லாம் குப்பையாகத் தெரிகின்றன.

சில மாற்று ஃபர்ம்வேர்கள் ஈஈப்ரமில் சேனல்களை வைக்கும் முறையையே மாற்றிக்கொள்கின்றன. ரீசெட் ஆல் கொடுத்துவிட்டு, அந்த ஃபர்ம்வேருக்கு உரிய சர்ப் டிரைவரால் சேனல்களை மறுபடி எழுதுங்கள்.

யூவி-கே1, யூவி-கே5 வி3-க்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. அவற்றில் நுண்செயலியே வேறு, பிஒய்32எஃப்071. பழைய செட்டுக்கான ஃபைல் அதில் ஓடாது, அதற்கானது பழையதில் ஓடாது. பெயர் ஒன்றாக இருப்பதால் வி3 உரிமையாளர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஃபைலின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், அதை வெளியிட்டவர் எந்த நுண்செயலிக்கு என்று எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்.

பேட்டரி நன்றாக இருக்கிறது, பி.டி.டி. பிடித்தும் டார்ச் விளக்கு எரியவே இல்லை.

முதலில் பி.டி.டி. பொத்தானையே சந்தேகப்படுங்கள். ரப்பருக்கு அடியில் தூசியோ ஈரமோ இருந்தால் பொத்தான் தொடர்பு கொடுக்காது. செட்டைத் திறந்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து காயவிட்டுப் பாருங்கள்.

பொத்தான் சரி என்றால் பூட்லோடர் அழிந்திருக்கலாம். கேபிளால் சாதாரணமாக இது நடப்பதில்லை. எஸ்டபிள்யூடி (நுண்செயலியோடு நேரடியாகப் பேசும் இணைப்பு) வழியாக முழுச் சில்லையும் அழித்தவர்களுக்கு நடக்கும். திரும்பும் வழியும் எஸ்டபிள்யூடிதான்: எஸ்டி-லிங்க் வி2 இணைப்புக் கருவி ஒன்று, கணினியில் ஓப்பன்ஓசிடி நிரல், டிபி32ஜி030-க்கான அமைப்பு ஃபைல், போர்டில் நான்கு கம்பி (தரவு, கடிகாரம், தரை, 3.3 வோல்ட்). பேட்டரியும் எஸ்டி-லிங்கின் 3.3 வோல்ட்டும் ஒரே நேரத்தில் மின்சாரம் தரக்கூடாது, ஒன்றை மட்டும் வையுங்கள். பல மாற்று ஃபர்ம்வேர்கள் ஓடத் தொடங்கியதும் எஸ்டபிள்யூடி கால்களை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளும், ஆகவே ஃபர்ம்வேர் தொடங்குவதற்கு முன்பே இணைப்பைப் பிடிக்க வேண்டும். முதலில் 4 கேபி பூட்லோடரை அதன் இடத்தில் எழுதுங்கள். பிறகு எஸ்டி-லிங்கைக் கழற்றிவிட்டு, ஃபர்ம்வேரை வழக்கம்போல் கேபிளிலேயே ஏற்றலாம்.

நேர்மாறாக, பி.டி.டி. தொடாமலே எப்போதும் ஃப்ளாஷ் மோடுக்கே போகிறது.

பி.டி.டி. உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேபிளோ ஹெட்செட்டோ செருகியிருந்தால் முதலில் உருவிவிட்டுப் பாருங்கள். பிறகும் அப்படியே என்றால் பொத்தானின் ரப்பர் இடம் மாறி அழுத்திக்கொண்டிருக்கும், அல்லது உப்புத் தண்ணீர் பட்டு உள்ளே அரித்திருக்கும். இந்த நிலையில் ஃபர்ம்வேரை எத்தனை தடவை ஏற்றினாலும் பலனில்லை. திறந்து சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் செய்த பிறகு செட் எழுந்ததும் உடனே டிரான்ஸ்மிட் செய்கிறதா என்று சிவப்பு விளக்கைப் பாருங்கள். எரிந்தால் பொத்தான் இன்னும் விடவில்லை, உடனே அணைத்துவிடுங்கள்.